சிவப்புக்குள் சிவப்பு: நிறப்புதிர் எப்படி இயங்குகிறது?

நெற்றியில் இடும் சிவப்புப் பொடி, ஐந்து எழுத்து. இந்தக் குறிப்பைப் படித்ததும் பெரும்பாலோர் யோசிக்காமல் குங்குமம் என்று எழுதிவிடுவார்கள். கு, ங், கு, ம, ம் என்று ஐந்து கட்டமும் ஒழுங்காக நிரம்பும். ஆனால் செந்தூரம் என்று எழுதினாலும் ஐந்து கட்டம் நிரம்பும். சிந்தூரம் என்று எழுதினாலும் நிரம்பும். மூன்றும் சிவப்பு, மூன்றும் பொடி, மூன்றும் நெற்றிக்குப் போவது. மூன்றிலும் இரண்டாம் கட்டத்தில் ஒரு மெல்லினப் புள்ளியெழுத்து, கடைசிக் கட்டத்தில் ம். ஒரே நிறத்தின் சாயல்களை வைத்துச் சொற்புதிர் செய்ய உட்காருபவரை முதல் குறிப்பிலேயே மறிக்கிற சிக்கல் இது.

பழங்களைப் பற்றிய புதிரில் நிறம் பெரிய உதவி. மஞ்சள் என்றால் நாவல்பழம் விலகிவிடும், கருநீலம் என்றால் வாழைப்பழம் விலகிவிடும். விடைகள் எல்லாமே சிவப்பாக இருக்கும் புதிரில் சிவப்பு என்று சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாமல் விட்டாலும் ஒன்றுதான். வாசகருக்கு அது எதையும் கழித்துக் கொடுப்பதில்லை. அப்படியானால் ஒரு சிவப்பை இன்னொரு சிவப்பிலிருந்து எதை வைத்துப் பிரிப்பது? நிறப்புதிரின் இயக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

அதைத் திறந்து பார்க்க விருதுநகர் மாவட்டத்து அடுப்படி தோதான இடம். விருதுநகர் பருப்பும் வத்தலும் மல்லியும் கைமாறும் மண்டி ஊர். அங்கே ஒரு வீட்டில் பருப்புக் குழம்பு எப்படி உருவாகிறதோ, நிறப்புதிரும் கிட்டத்தட்ட அப்படித்தான் உருவாகிறது. எது முதலில் வேக வேண்டும், எது நடுவில் சேர வேண்டும், தண்ணீர் எவ்வளவு, உப்பு எப்போது என்று ஒரு வரிசை உண்டு. சரக்கு எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் வரிசை தப்பினால் குழம்பு தேறாது.

சரக்கு

முதல் வேலை, அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்னால் சரக்கைப் பார்த்து எடுப்பது. கடைகளில் விற்கும் பல சிறுவர் புதிர்ப் புத்தகங்கள் இங்கேயே கெட்டுவிடுகின்றன. ஆங்கிலத்தில் உள்ள நிறப் பட்டியலை எடுத்து ஸ்கார்லெட், கிரிம்சன், மெரூன் என்று தமிழ் எழுத்தில் கட்டத்துக்குள் இறக்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் அந்தச் சொற்களைக் கண்டுபிடிப்பதில்லை, எழுத்துக் கூட்டி நகல் எடுக்கிறார்கள். எனக்கு இது பொறுக்க முடியாத வீணடிப்பாகத் தெரிகிறது. நம் வீட்டிலும் வாசலிலும் சிவப்புக்கு அத்தனை பெயர் கிடக்கிறது: குங்குமம், செந்தூரம், காவி, அரக்கு, பவளம், கெம்பு, மாணிக்கம், மாதுளை, மருதாணி, செம்பருத்தி, செவ்வரளி, கோவைப்பழம், குன்றிமணி, செங்கல், செம்மண், செவ்வானம், தக்காளி, வத்தல். இவற்றில் பல, தனி நிறத்தின் பெயராகப் பிறந்தவை இல்லை, அந்த நிறம் குடியிருக்கும் பொருளின் பெயர்கள். புதிருக்கு அதுவே நல்லது. நிறம் பொது, பொருள் தனி. பொருளுக்கு ஒரு பிறப்பிடமும் ஒரு வேலையும் இருக்கும், குறிப்பு எழுதுகிறவர் அதைப் பிடித்துக்கொள்ளலாம்.

இந்த மாவட்டத்துக்கு என்று வேறு சிவப்புகளும் உண்டு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923இல் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் அச்சுத் தொழில் வளர்ந்தது, வெடிமருந்தைக் கையாளும் பழக்கத்திலிருந்து பட்டாசு வளர்ந்தது. தீக்குச்சித் தலை, வாணத்தின் செஞ்சுடர், அச்சு இயந்திரத்தில் உருளும் மை என்று மூன்று தொழிலிலும் சிவப்பு அன்றாடச் சரக்கு. சாத்தூரிலோ திருத்தங்கலிலோ ஒரு பள்ளிப் பிள்ளைக்கு நிறப்புதிர் கொடுப்பதென்றால் சிவப்பை விட்டு வேறு நிறத்தைத் தொடங்க எனக்கு மனம் வராது.

சரக்கு எடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழில் சிவப்புச் சொற்களில் பல 'செ' என்ற எழுத்தில் தொடங்கும். செம்பருத்தி, செந்தாமரை, செவ்வரளி, செங்கல், செம்மண், செவ்வானம், செந்தூரம். எல்லாவற்றையும் போட்டால் முதல் கட்டம் எல்லாச் சொல்லுக்கும் ஒன்றாகிவிடும், வாசகர் அந்தக் கட்டத்தைப் படிக்காமலே நிரப்புவார். ஒரு புதிருக்கு இரண்டு 'செ' போதும். மிஞ்சினால் மூன்று.

பருப்பு முதலில்

குழம்பில் முதலில் வேகப் போவது பருப்பு. காயை முதலில் போட்டுப் பருப்பைப் பிறகு போட்டால், பருப்பு வேகும்வரை காய் குழைந்து கரைந்துவிடும். குறுக்கெழுத்தில் பருப்பின் இடம் நீளமான சொல்லுக்கு. நாலெழுத்துச் சொல்லை எந்த மூலையிலும் நுழைத்துவிடலாம். ஆறெழுத்துச் சொல்லுக்குக் கடைசியில் இடம் தேடினால் கிடைக்காது.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். செ, ம், ப, ரு, த், தி என்று ஆறு எழுத்து. கட்டத்தின் மேல் வரிசையில் இதை இடமிருந்து வலமாக வைத்தால், இதன் ஒவ்வொரு எழுத்திலிருந்தும் கீழ்நோக்கி ஒரு சொல்லைத் தொடங்கலாம் என்று தோன்றும். தமிழ் அதற்கு விடாது. புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பதால் ம், த் இரண்டும் கழிந்தன. ரகர வரிசையும் மொழிக்கு முதலில் வராது என்பது தொல்காப்பியம் தொட்டு வருகிற விதி, ரத்தம், ரோஜா போன்ற வந்த சொற்களில்தான் அது தளர்கிறது. ஆக ரு கழிந்தது. ஆறு எழுத்தில் மூன்று மட்டும் மிச்சம்: செ, ப, தி. கீழ்நோக்கிப் போகும் சொற்கள் இந்த மூன்று இடத்தில்தான் பிறக்க முடியும். நன்னூலும் தொல்காப்பியமும் மொழிமுதல் எழுத்துகளைப் பற்றிச் சொன்னவை, இங்கே கட்டத்தின் வடிவத்தையே தீர்மானிக்கின்றன.

செ என்றதும் செந்தூரம், ப என்றதும் பவளம், தி என்றதும் திலகம். இறக்கினால் இப்படி வருகிறது:

செ ம் ப ரு த் தி
ந் ■ வ ■ ■ ல
தூ ■ ள ■ ■ க
ர ச ம் ■ ■ ம்
ம் ■ ■ ■ ■ ■

நான்காவது வரிசையைப் பாருங்கள். செந்தூரத்தின் ர ஒரு பக்கம், பவளத்தின் ம் இன்னொரு பக்கம், நடுவில் ஒரு வெற்றுக் கட்டம். ச போட்டால் ரசம். நன்றாக வெந்த பருப்பு, காய்க்குத் தானே இடம் விடுவதைப் போன்ற விளைச்சல் இது. ரசம் வெறும் நிரப்பலாகவும் போகவில்லை. சித்த மருத்துவத்தில் ரசம் என்றால் பாதரசம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்தால் வருகிற சிவப்பு மருந்துக்கு ரசசெந்தூரம் என்று பெயர். பக்கத்திலேயே செந்தூரம் நிற்கிறது. "செந்தூரத்துக்குள் ஒளிந்திருக்கும் உலோகம், சோற்றில் ஊற்றினால் வேறு" என்று ஒரே குறிப்பில் இரண்டையும் கட்டிவிடலாம். அந்தக் கந்தகம் சிவகாசிப் பட்டாசுக் கலவையிலும் இருப்பது என்பது இந்த வட்டாரத்து வாசகருக்குக் கூடுதல் கொசுறு.

புளி கரையும் இடம்

பருப்பும் காயும் தனித்தனியாக நிற்கும் வரை அது குழம்பாகாது. புளிக்கரைசல் ஊற்றியபின்தான் ஒன்றையொன்று பிடிக்கும். குறுக்கெழுத்தில் அந்த வேலையைச் செய்வது இரண்டு சொற்கள் வெட்டிக்கொள்ளும் கட்டம். வாசகர் ஒரு விடையைச் சரியாகப் போட்டால், வெட்டும் கட்டத்தின் வழியாக அடுத்த விடைக்கு ஓர் எழுத்து இலவசமாகக் கிடைக்கிறது. சாதாரணப் புதிரில் இது வசதி. ஒரே நிறத்துப் புதிரில் உயிர்நாடி, ஏனென்றால் நிறம் கைவிட்ட வேலையை எழுத்துதான் செய்தாக வேண்டும்.

ஆனால் எல்லா வெட்டும் ஒரே மதிப்புள்ளது இல்லை. குங்குமத்தையும் செந்தூரத்தையும் மறுபடி அடுக்கிப் பாருங்கள். முதல் கட்டத்தில் கு, செ. இரண்டில் ங், ந். மூன்றில் கு, தூ. நான்கில் ம, ர. ஐந்தில் இரண்டுக்கும் ம். இந்தச் சொல்லைக் கடைசிக் கட்டத்தில் மட்டும் இன்னொரு சொல் வெட்டினால் வாசகருக்குக் கிடைக்கிற எழுத்து ம். அதனால் ஒரு பயனும் இல்லை, இரண்டு விடையும் அப்படியே உயிரோடு நிற்கும். சிந்தூரத்தையும் போட்டியில் சேர்த்துக்கொண்டால் நிலைமை இன்னும் நெருக்கடி. செந்தூரத்துக்கும் சிந்தூரத்துக்கும் முதல் எழுத்து ஒன்றுதான் வேறுபாடு. ஆகவே முதல் கட்டத்தில் கட்டாயம் ஒரு வெட்டு இருக்க வேண்டும். மேலே உள்ள கட்டத்தில் செம்பருத்தியின் செ அந்தக் காவலைச் செய்கிறது, ரசத்தின் ர இரண்டாம் காவல்.

பவளத்துக்கும் இரண்டு வெட்டு இருக்கிறது, ப, ம். போதுமா என்றால் போதாது. ப, லா, ச, ம் என்று பலாசம் அதே இடத்தில் உட்காரும். அதுவும் காட்டையே பற்றவைத்ததுபோலச் சிவந்து பூக்கும் மரம். போதாக்குறைக்குப் பவளத்தையே பவழம் என்றும் எழுதுகிறார்கள், இரண்டும் சரி. மூன்றாம் கட்டத்தில் ள வருமா ழ வருமா என்பதைத் தீர்க்க அங்கே எந்தச் சொல்லும் குறுக்கே போகவில்லை. இப்படி எழுத்தால் முடியாத இடத்தில் குறிப்பு வந்து கைகொடுக்க வேண்டும். "கடலில் விளையும் சிவப்பு, தலையை எடுத்தால் செழிப்பு." ப போனால் வளம். பலாசம் கடலில் விளையாது, பவழத்தின் தலையை எடுத்தால் 'வழம்' என்று ஒன்றும் இல்லை. ஒரே வரியில் இரண்டு போட்டியாளர்களும் வெளியே.

எழுத்து வழக்கில் இப்படி இரட்டையாக நடமாடும் சிவப்புகள் நிறைய. ரத்தம் நாலெழுத்து, இரத்தம் ஐந்து. சிவப்பு என்று எழுதுபவரும் உண்டு, சிகப்பு என்று எழுதுபவரும் உண்டு. மேலே உள்ள ரசத்தையும் இரசம் என்று எழுதுவேன் என்று ஒருவர் பிடிவாதம் பிடித்தால் இந்தக் கட்டமே நிற்காது. ஒரு புதிருக்குள் ஒரே வழக்கைக் கடைசிவரை வைத்துக்கொள்வதுதான் நியாயம், புதிரின் தலைப்பிலேயே அதைச் சொல்லிவிடுவது இன்னும் நல்லது.

இந்தக் கட்டத்தில் என் மனத்துக்கு ஒட்டாத சொல் திலகம். சந்தனத்திலும் திலகம் இடலாம். சிவப்பு என்று உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றைச் சிவப்புப் புதிரில் வைப்பது மண் கலந்த பருப்பைப் போட்டதற்குச் சமம். தி-யில் தொடங்கும் சுத்தமான சிவப்புச் சொல் யாருக்காவது கிடைத்தால் திலகத்தைத் தாராளமாக எடுத்துவிடலாம்.

உப்பு

குறிப்பு என்பது உப்பு. குறைந்தால் எதுவும் புலப்படாது, கூடினால் புதிரே இல்லை. சிவப்புப் பொடி என்ற குறிப்பில் உப்பு போதவில்லை என்று தொடக்கத்திலேயே பார்த்தோம். நிறத்தைச் சொல்லாமல் அந்த நிறம் எப்படி வந்தது என்று சொன்னால் சட்டென்று சரியாகிவிடும். பழைய முறைக் குங்குமம் மஞ்சளில் செய்வது. மஞ்சளோடு சுண்ணாம்பைப் போன்ற காரப்பொருள் சேர்ந்தால் அதிலுள்ள குர்க்குமின் சிவந்துவிடும், ஆரத்தித் தட்டில் அன்றாடம் நடப்பதும் இதுவே. ஆகவே "மஞ்சள் பெற்ற சிவப்பு" என்றால் குங்குமம் மட்டும்தான். "பாதரசம் பெற்ற சிவப்பு" என்றால் செந்தூரம் மட்டும்தான். அரக்கு என்றால் மரத்தில் ஒட்டி வாழும் பூச்சி பெற்றது. மருதாணி என்றால் பச்சை இலை பெற்றது. ஒரே நிறத்துக்கு நாலு தாய். தாயைச் சொன்னால் பிள்ளையைப் பற்றிய குழப்பம் தீர்ந்தது.

உண்மை பிசகக் கூடாது, அதுவும் முக்கியம். தீக்குச்சித் தலையில் உள்ள பாஸ்பரஸ் என்று ஒருவர் குறிப்பு எழுதினால் சிவகாசியில் ஆறாம் வகுப்புப் பிள்ளை திருத்திவிடும். பாதுகாப்புத் தீக்குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம் முதலியவை. சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டில், குச்சியை உரசும் பட்டையில். வாணத்தின் சிவப்பு ஸ்ட்ரான்சியம் என்ற உலோகத்தின் உப்புகளிலிருந்து வருகிறது. எரியும்போது அதனுடன் குளோரின் சேர்ந்தால்தான் ஆழ்ந்த சிவப்பு, குளோரின் போதாவிட்டால் ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்துவிடும். கால்சியத்தின் சுவாலை இன்னும் மங்கல். பள்ளி வேதியியலில் அதற்குச் செங்கல் சிவப்பு என்று பெயர். வானத்தில் கூட சிவப்பு ஒன்றாக இல்லை என்பதைப் பிள்ளை ஒரு குறுக்கெழுத்தில் கற்றுக்கொள்ள முடியும்.

குறிப்பிலேயே சொல்லை வெட்டி ஒட்டும் முறையைப் பலர் ஆங்கிலப் பத்திரிகை வழியாக வந்தது என்று நினைக்கிறார்கள். ஆங்கிலக் குறுக்கெழுத்து 1913 டிசம்பர் 21 அன்று நியூயார்க் வேர்ல்ட் இதழில் ஆர்தர் வின் வெளியிட்ட கட்டத்திலிருந்து தொடங்குகிறது என்பது உண்மை. ஆனால் தண்டியலங்காரத்தின் சொல்லணியியலைத் திறந்தால் அக்கரச்சுதகம் இருக்கிறது, ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாகக் கழித்து வேறு வேறு பொருள் பெறும் அணி. பவளத்திலிருந்து வளத்தை எடுத்தது அந்த வழிதான். வினாவுத்தரம் இருக்கிறது, பல கேள்விகளின் விடைகளைச் சேர்த்தால் ஒரே சொல் வரும். கரந்துறைச் செய்யுள் இருக்கிறது, ஒரு பாட்டுக்குள் இன்னொரு பாட்டு ஒளிந்திருக்கும். சுழிகுளத்தில் நாலு வரியில் எட்டெட்டு எழுத்தைக் கட்டத்தில் நிறுத்திச் சுழன்று படிப்பார்கள். நம் நாளில் அமெரிக்காவிலிருந்து வரும் தென்றல் இதழில் வாஞ்சிநாதன் தமிழ்க் குறுக்கெழுத்துகளை இந்தச் சொல் விளையாட்டோடு செய்துவந்திருக்கிறார். நமக்குச் சரக்கும் இருக்கிறது, கைப்பழக்கமும் இருக்கிறது.

வத்தலில் நிறத்தைத் தருவது கேப்சாந்தின், காரத்தைத் தருவது கேப்சைசின். இரண்டும் வேறு வேறு பொருள், ஆளை மிரட்டுகிற அளவு சிவந்த வத்தலில் காரம் குறைவாக இருப்பதும் உண்டு. புதிரிலும் இப்படியே. தெரிந்த நிறமா, தெரியாத நிறமா என்பதை வைத்துக் கடினம் அமைவதில்லை, குறிப்பில் எவ்வளவு ஒளிக்கிறோம் என்பதில்தான் அமைகிறது. தக்காளியைக் கூட ஒரு மணி நேரம் தேட வைக்கலாம்.

தண்ணீர்

சொல் தேடல் என்கிற வகை வேறு. எழுத்துகள் நிரம்பிய சதுரத்துக்குள் சொற்கள் ஒளிந்திருக்கும், தேடிச் சுழிக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை 1968இல் ஓக்லஹோமாவில் நார்மன் கிபட் என்பவர் தொடங்கினார். இங்கே வெட்டு கட்டாயமில்லை, குறிப்பும் தேவையில்லை. எல்லாம் மிச்சக் கட்டங்களை நிரப்பும் எழுத்தில் இருக்கிறது. குழம்பில் தண்ணீர் அதுதான். பச்சைத் தண்ணீரைக் கடைசியில் ஊற்றினால் பருப்பு ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமும் நிற்கும். பருப்பு வெந்த தண்ணீரையே ஊற்ற வேண்டும்.

தமிழ் எழுத்து 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. மென்பொருளிடம் விட்டால் இந்த 247இலிருந்து கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும். ஙூ, ஞௌ, ழொ என்று வரிசையாக வந்து விழும். ஙகர வரிசையில் நாம் அன்றாடம் எழுதுவது ங் ஒன்றைத்தான். அந்தக் காட்டுக்குள் குங்குமம் தனியாகத் தெரியும், பிள்ளை தேடவே வேண்டாம். ஒளித்த சொற்களின் எழுத்துகளையே திரும்பத் திரும்பத் தூவினால்தான் தேடல் நடக்கும். செ ந் என்று தொடங்கி ஏமாற்றும், கு ங் என்று போய்த் திரும்பும். நிரப்பி முடித்தபின் ஒருமுறை எல்லாத் திசையிலும் படித்துப் பார்க்க வேண்டும். காவி இரண்டே எழுத்து, நாம் வைக்காமலே இரண்டு மூன்று இடத்தில் முளைத்திருக்கும்.

மென்பொருளின் இன்னொரு கோளாறு இன்னும் மோசம். யூனிகோடில் தமிழ் 1991இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. ஆனால் கணினி செ என்பதை ச என்றும் கொம்பு என்றும் இரண்டாகச் சேமிக்கிறது. ஆறெழுத்துச் செம்பருத்தி கணினிக்குப் பதினொரு குறி. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே ஓட்டினால் ஒற்றைக்கொம்பு தனிக் கட்டத்தில் அநாதையாக நிற்கும், புள்ளி இன்னொரு கட்டத்தில் நிற்கும். அச்சாகி விற்பனைக்கு வந்த புத்தகங்களிலும் இதைப் பார்க்க முடிகிறது. எழுத்தைக் கற்கும் வயதில் இருக்கும் பிள்ளையின் கையில் அதைக் கொடுப்பது பாவம்.

எழுத்தைக் கலைத்துப் போடும் புதிரிலும் புள்ளி விளையாடுகிறது. ம, கு, ம், ங், கு என்று குங்குமத்தைக் கலைத்தால் ஐந்து எழுத்தை 60 விதமாக அடுக்கலாம். ஆனால் ங் வந்தால் அடுத்து கு வந்தே தீர வேண்டும். ம் முதலில் வராது, கடைசியில் நிற்கும் அல்லது ம-வைத் துணைக்கு அழைக்கும். இந்த விதிகளைத் தமிழ் பேசும் யாரும் யோசிக்காமலே கடைப்பிடிப்பார்கள். 60இல் மிஞ்சுவது ஆறு: குங்குமம், குமங்கும், மகுங்கும், மங்குகும், கும்மங்கு, குங்கும்ம. கண் நேராக விடைக்குப் போய்விடும். மருதாணியில் புள்ளியே இல்லை. நாலெழுத்துதான், 24 அடுக்கு. ரு-வும் ணி-யும் முதலில் வராது என்று கழித்தாலும் 12 மிஞ்சுகிறது. ஐந்தெழுத்துக் குங்குமத்தைவிட நாலெழுத்து மருதாணி இரண்டு மடங்கு சுற்ற வைக்கும். சின்னச் சொல் சுலபம் என்று நினைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு மருதாணியைக் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இறக்கும் முன்

சொல்லுக்குப் பதில் ஒரு சிவப்புத் துண்டையே அச்சிட்டு இது என்ன சிவப்பு என்று கேட்டால் என்ன என்று தோன்றலாம். நான்கு வண்ண ஆஃப்செட் அச்சில் சிவப்பு மை என்று தனியாக இல்லை. மெஜந்தாவும் மஞ்சளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சிவப்பாகத் தெரிகிறது. மெஜந்தாப் புள்ளியைச் சிறிதாக்கினால் செந்தூரம், கறுப்பைக் கொஞ்சம் சேர்த்தால் அரக்கு, மஞ்சளை எடுத்துவிட்டு மெஜந்தாவையும் குறைத்தால் இளஞ்சிவப்பு. வழவழப்பான காலண்டர்த் தாளில் இது அழகாக நிற்கும். நோட்டுப் புத்தகத் தாள் மையை உறிஞ்சி மங்கலாக்கிவிடும், குங்குமமும் செங்கலும் ஒன்றாகிவிடும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பார்வை உள்ள பிள்ளைகளும் ஒவ்வொரு பள்ளியிலும் இருப்பார்கள். அவர்களையும் உள்ளே வைத்திருப்பது சொல்தான். நிறத்தைக் காட்டாமலே நிறத்தைப் பற்றிப் பேசும் புதிர் எனக்கு உயர்ந்ததாகப் படுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

குழம்பு வைத்தவரே ருசி பார்த்தால் சரியாகத் தெரியாது, ஆவி முகத்தில் அடித்து நாக்கு பழகியிருக்கும். புதிரையும் செய்தவர் சரிபார்க்கக் கூடாது. கட்டத்தைப் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து, அவர் எங்கே நிற்கிறார் என்று மட்டும் பார்க்க வேண்டும். அவர் எழுதிய விடை நாம் நினைத்தது இல்லை, ஆனால் குறிப்புக்கும் கட்டத்துக்கும் பொருந்துகிறது என்றால் குற்றம் புதிரின் மேல்.

கீழே ஆறு குறிப்பு. எல்லாம் சிவப்பு. வீட்டில் பாட்டியையும் பிள்ளைகளையும் சேர்த்து உட்கார வைத்துக் கேளுங்கள், பாட்டிதான் முந்துவார். கட்டம் இல்லை என்பதால் எழுத்து எண்ணிக்கை மட்டும் துணை.

1. கொங்கு நாட்டு நகரில் பழுத்தது, கிளிக்குப் பிடித்தது. ஆறு எழுத்து.
2. பச்சையாகக் கைக்கு வந்து சிவப்பை விட்டுவிட்டுப் போகும். நாலு எழுத்து.
3. முத்து நிரம்பிய பழம், தலையை எடுத்தால் ஓட்டை. மூன்று எழுத்து.
4. தட்டார் தராசில் பொன்னுக்கு எதிரே உட்கார்ந்தது, கண் மட்டும் கறுப்பு. ஐந்து எழுத்து.
5. தீபாவளி வானத்தைச் சிவக்க வைக்கும் உலோகம். ஏழு எழுத்து.
6. கால்சியத்தின் சுவாலைக்கு நிறம் கடன் கொடுத்தது, சூளையில் பிறந்தது. நாலு எழுத்து.

விடைகள்: கோவைப்பழம், மருதாணி, மாதுளை, குன்றிமணி, ஸ்ட்ரான்சியம், செங்கல். நான்காவதற்குப் பேச்சு வழக்கில் குண்டுமணி என்று எழுதியிருந்தாலும் முழு மதிப்பெண் உண்டு. அதுவும் ஐந்து எழுத்துதான், குறுக்கே எந்தச் சொல்லும் போகவில்லை.